லேபிள் ஒட்டிய சிடி காரின் பிளேயருக்குள் சிக்கிக்கொண்டது: தட்டும் செட்டும் கெடாமல் எடுக்க வழி உண்டா?

தெற்குவாசல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மைத்துனரிடமிருந்து வாங்கிய, 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு செடான் காரை மதுரையில் ஓட்டி வருகிறேன். தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த டபுள் டின் அளவு (இரட்டை உயர) ஆடியோ செட் அதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சிடி மட்டுமே போட முடியும். ஆறு தட்டு சேஞ்சர் வகை இல்லை. அண்மையில் வெளியூர் சென்றபோது, என் பெரியப்பா கோயில் திருவிழாவில் வாசித்த நாகசுரக் கச்சேரியின் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே போனோம். கணினியில் எழுதிய சிடி-ஆர் அது. கோயிலின் படமும் கச்சேரி விவரமும் அச்சிட்ட வட்டக் காகித லேபிள் ஒன்று மேலே ஒட்டப்பட்டிருந்தது. போகும்போது எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. போய்ச் சேர்ந்த இடத்தில் நிழல் இல்லாததால் வண்டி பகல் முழுவதும் வெயிலில் நின்றது. மாலையில் எஜெக்ட் பொத்தானை அழுத்தியபோது தட்டு வெளியே வரவில்லை; பாட்டும் ஓடவில்லை. திரையில் எர்ரர் என்று மட்டும் வருகிறது. வானொலி வழக்கம்போல் வேலை செய்கிறது.

இந்தப் பதிவுக்கு வேறு பிரதி கிடையாது. பதிவு செய்தவரின் கணினி எப்போதோ பழுதாகிவிட்டது. இங்குள்ள ஒரு கார் அக்சசரீஸ் கடையில் விசாரித்தேன். பழைய செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு திரை ஒன்றைப் பொருத்தித் தருவதாகவும், உள்ளே இருக்கும் தட்டுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ மெல்லிய கத்தி ஒன்றை விட்டு நெம்பினால் வந்துவிடும் என்கிறார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி மாட்டினால் செட் தானாகவே தட்டை வெளியே தள்ளும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். செட் போனாலும் பரவாயில்லை, தட்டு பிழைக்க வேண்டும். இரண்டும் பிழைத்தால் மகிழ்ச்சி.

பழைய ஸ்பேனர்

ஐயா, கத்தியைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். துவாரத்துக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது போனால் சர்க்யூட் பழுதாகும். மின்சாரம் இல்லாதபோது போனாலும் ரப்பர் உருளை கிழியும், சென்சார் நெம்புகோல் வளையும், அதைவிட முக்கியமாக உங்கள் தட்டில் கீறல் விழும்.

தட்டு எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கண்ணால் பார்க்க முடியாது என்பதால் காதால் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. துவாரத்தில் நாம் தட்டை நீட்டியவுடன் ஒரு சென்சார் அதை உணர்ந்து சிறிய மோட்டாரை ஓட்டுகிறது. அந்த மோட்டார் துவாரத்தின் குறுக்கே கிடக்கும் ரப்பர் உருளையைச் சுழற்றுகிறது. உருளை பல செட்டுகளில் தட்டின் அடிப்புறத்தில் இருக்கும். நடுவில் மெலிந்தும் இரு முனைகளில் தடித்தும் இருப்பதால் தட்டின் ஓரங்களை மட்டுமே தொட்டு, மேலே உள்ள வழவழப்பான தகட்டோடு சேர்த்து அழுத்தி உள்ளே இழுக்கும். தட்டு கடைசிவரை போனதும் பின்பக்கத்து நெம்புகோலைத் தள்ளும். உடனே அதே மோட்டார் வேறொரு கியர் வரிசைக்கு மாறி மூன்று வேலைகளை அடுத்தடுத்துச் செய்கிறது: உருளையை விலக்குகிறது, மேலிருந்து கிளாம்ப் கையை இறக்கித் தட்டின் நடுத்துளையைச் சுழல்மேடையோடு பிடிக்கிறது, கடைசியாக முழு இயந்திரத்தையும் பூட்டிலிருந்து விடுவித்து ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்க விடுகிறது. சாலைக் குலுக்கலில் பாட்டு தாவாமல் இருப்பதற்காகவே இந்த மிதவை ஏற்பாடு. எஜெக்ட் அழுத்தும்போது இவை அனைத்தும் தலைகீழ் வரிசையில் நடக்க வேண்டும். நடுவில் எந்த ஒன்று நின்றாலும் தட்டு உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது என்ஜினை ஓட்டாமல், சாவியை ஆக்சசரி நிலையில் வைத்து, ஏசி விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு எஜெக்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். எந்தச் சத்தமுமே இல்லையென்றால், ஒன்று மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது உள்ளே தட்டு இருப்பதையே செட் மறந்துவிட்டது. மோட்டார் சற்று நேரம் இழுத்து ஓடி நின்றால் உருளை வழுக்குகிறது, அல்லது தட்டு எங்கோ தடுக்கிறது. டிக் டிக் என்று ஒரே சீராகத் தட்டினால் கியர் பல் தாவுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள், பல் தேய்ந்துவிடும். மூன்றில் எது என்று எழுதுங்கள். தட்டின் விளிம்பு துவாரத்தில் கொஞ்சமாவது தெரிகிறதா என்பதையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

சத்தமே இல்லாத நிலைக்கு மட்டும் எளிய வைத்தியம் உண்டு. பல செட்டுகளில் எஜெக்ட் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் கட்டாய எஜெக்ட் நடக்கும். அதற்கும் மசியவில்லையென்றால், பேட்டரியைத் தொடாமல், பியூஸ் பெட்டியில் செட்டுக்குரிய பியூஸை மட்டும் சில நிமிடங்கள் கழற்றிவைத்து மாட்டுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். செட்டுக்கு வழக்கமாக இரண்டு மின்வழிகள் உண்டு. சாவியோடு வருவது ஒன்று, நினைவுக்காக எப்போதும் இருப்பது இன்னொன்று. நினைவு வழியின் பியூஸைக் கழற்றினால்தான் செட் முழுமையாக ரீசெட் ஆகும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பல கார்களின் தொழிற்சாலை செட்டுகள் திருட்டைத் தடுக்க ரகசிய எண் கேட்பவை. நினைவு மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் எண்ணைக் கொடுத்தால்தான் மறுபடி பேசும். தவறான எண்ணைப் பலமுறை கொடுத்தால் பூட்டிக்கொள்ளும் வகைகளும் உள்ளன. வண்டிக் கையேட்டோடு வந்த சிறிய அட்டையிலோ குளோவ் பாக்ஸ் உட்புற ஸ்டிக்கரிலோ அந்த எண் இருக்கிறதா என்று உங்கள் மைத்துனரிடம் கேட்டுவிட்டுப் பியூஸில் கை வையுங்கள்.

ரிங்ரோடு

பழைய ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரிதான் என்றாலும், அவ்வளவு தூரம் போகாமலே எனக்கு வேலை முடிந்திருக்கிறது. ஐஸ் குச்சியின் நுனியில் டபுள் சைட் டேப்பைச் சுற்றி உள்ளே விட்டு, தட்டின் மேல்புறத்தில் ஒட்டவைத்து, எஜெக்ட் அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்தால் வந்துவிடும். இன்னொரு வழி, வேண்டாத ஒரு சிடியைச் சிக்கிய தட்டுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நுழைத்துப் பிடித்துக்கொண்டு எஜெக்ட் அழுத்துவது. மேல் தட்டின் அழுத்தத்தால் கீழ்த் தட்டு உருளையோடு நன்றாகப் பதிந்து வெளியே வரும். உருளை வழுவழுத்துப் போன பழைய செட்டுகளில் இது நன்றாக வேலை செய்யும். செலவும் இல்லை, கழற்றுவதும் இல்லை.

மின்சுற்று

ரிங்ரோடு நண்பரின் இரண்டு வழிகளும் பலருக்குப் பலன் தந்தவைதான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட தட்டுக்கு முதல் வழியை நான் முற்றாக மறுக்கிறேன், காரணம் சொல்லிவிடுகிறேன்.

சிடியின் மொத்தத் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி தெளிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பதிவு இருக்கும் அடுக்கும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் அடிப்புறத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை மேல்புறத்தில், லேபிளுக்கு நேர்கீழே, ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சின் காப்பில் மட்டுமே இருக்கின்றன. டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுகளுக்கு நடுவே பதிவு அடுக்கு பத்திரமாக இருக்கும். சிடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டபுள் சைட் டேப்பை மேல்புறத்தில் ஒட்டி இழுத்தால் லேபிளோடு சேர்ந்து உலோகப் பூச்சும் செதில் செதிலாகக் கழன்று வரக்கூடும். அந்த இடத்துப் பதிவு அத்தோடு போயிற்று. எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கடையில் வாங்கிய பாட்டு சிடி என்றால் நானும் டேப்பை ஒட்டியே இழுத்திருப்பேன்.

இரண்டாவது வழியான மேல்தட்டு முறை உருளை வழுக்கும்போது உதவும். இங்கே சிக்கலின் வேர் லேபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூடிய காரின் உட்புறம் நம் ஊர்க் கோடை வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பாலிகார்பனேட் அந்தச் சூட்டில் உருகாது. காகித லேபிளின் பசை இளகிவிடும். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால் லேபிளின் ஓரம் எழும்பி நிற்கும். உள்ளே போகும்போது ஒட்டியிருந்த ஓரம் வெளியே வரும்போது மடங்கி, மேல் தகட்டுக்கும் தட்டுக்கும் இடையில் திணிந்துகொள்ளும். அந்த நிலையில் மேலே இன்னொரு தட்டைச் செருகினால் மடிந்த காகிதம் இன்னும் சுருண்டு போகும். கார்க் கையேடுகளில் லேபிள் ஒட்டிய தட்டுகளையும் 8 சென்டிமீட்டர் சிறிய தட்டுகளையும் போடாதீர்கள் என்று அச்சிட்டிருப்பது வீண் எச்சரிக்கை இல்லை. ஒருபுறம் சிடியும் மறுபுறம் டிவிடியுமாக 2004 வாக்கில் சில நாடுகளில் விற்பனைக்கு வந்த இரட்டைத் தட்டுகள் சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அவற்றையும் இதுபோன்ற துவார வகைப் பிளேயர்களில் போட வேண்டாம் என்றே எச்சரித்தார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் அங்கே சிக்கலாகும்போது, சுருண்ட காகிதம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: வழுக்கும் என்ற நம்பிக்கையில் துவாரத்துக்குள் எண்ணெய் ஸ்பிரே எதையும் அடிக்க வேண்டாம். உருளைக்கு இருக்கும் பிடியும் போகும், லென்ஸில் படலமும் படியும்.

தெற்குவாசல்

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. சொன்னபடி விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எஜெக்ட் அழுத்தியவுடன் முதலில் ஒரு மெல்லிய சொடுக்கு. அதன்பின் மோட்டார் இழுத்து ஓடும் சத்தம். தட்டின் விளிம்பு ஒரு நகக்கண் அளவுக்குத் துவாரத்தில் தெரிகிறது. உடனே மோட்டாரின் சத்தம் கனத்து, தட்டு மறுபடி உள்ளே போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் இதேதான். டார்ச் அடித்துப் பார்த்ததில் விளிம்பின் இடப்பக்கம் வெள்ளையாகக் காகிதம் சுருண்டிருப்பது தெரிகிறது. எனவே மின்சுற்று ஐயாவின் ஊகம் சரி என்றே நினைக்கிறேன். ரகசிய எண் எழுதிய அட்டையும் கையேட்டின் உறையிலேயே கிடைத்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?

பழைய ஸ்பேனர்

இது நல்ல செய்தி. கிளாம்ப் எழும்புகிறது, உருளை பிடிக்கிறது, மோட்டாரிலும் கோளாறு இல்லை. காகிதம் மட்டுமே தடை. தட்டு வெளியே வர முடியாமல் முட்டியதும், குறித்த நேரத்துக்குள் சென்சாருக்குத் தகவல் வராததால் செட் தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் காகிதம் இன்னும் கொஞ்சம் கிழிந்து திணிகிறது என்பதால் இனிமேல் சோதனைக்காக அழுத்தாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு முயற்சி செய்யலாம். வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருக்கும். அதில் துவாரத்தைவிடச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்கிக்கொள்ளுங்கள். மெல்லியது, விறைப்பானது, வழுக்கக்கூடியது, கீறவும் கீறாது. பியூஸ் பெட்டியருகே உதவிக்கு ஒருவரை உட்காரவையுங்கள். எஜெக்ட் அழுத்தி விளிம்பு தெரிந்த அந்தக் கணத்திலேயே அவர் பியூஸை உருவிவிட வேண்டும். இரண்டு மின்வழிகளுக்கும் தனித்தனிப் பியூஸ் இருந்தால், மோட்டாரை எது நிறுத்துகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இரண்டையும் உருவ வேண்டும். தட்டு அதே இடத்தில் நின்றுவிடும். பிறகு அவசரமே இல்லை. பிலிமைத் தட்டுக்கும் மேல் தகட்டுக்கும் இடையில், காகிதம் சுருளாத வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக நுழைத்து, இடப்பக்கம் நகர்த்தி, காகிதத்தைப் படியவைக்கப் பாருங்கள். படிந்துவிட்டால் விளிம்பை இரு விரல்களால் பிடித்து நேராக இழுங்கள். மோட்டாரோடு இணைந்த வேர்ம் கியர் (திருகு மரை போன்ற கியர்) பின்னோக்கிச் சுற்றாது என்பதால் உருளை சுழலாது. தட்டு ரப்பரின் மேல் சறுக்கிக்கொண்டுதான் வரும். கொஞ்சம் இறுக்கமாக இருப்பது இயல்பு. கையை விட்டு நழுவும் அளவுக்கு இழுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள், செட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது பற்றியும் இப்போதே எழுதிவிடுகிறேன். செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பேனல் பெரும்பாலும் கிளிப்புகளில் நிற்கும். அதை நெம்ப பிளாஸ்டிக் நெம்பு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டேஷ்போர்டில் தழும்பு நிற்கும். பேனலை முன்னால் இழுக்க கியர் கம்பி இடைஞ்சலாக இருந்தால் அதை நகர்த்த வேண்டிவரும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள். அபாய விளக்குச் சுவிட்சும் ஏசி திருகுகளும் அந்தப் பேனலிலேயே இருக்கும் வண்டிகள் உண்டு. அவற்றின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றாமல் பேனலைப் பிடுங்கினால் ஒயர் அறுந்துவிடும். செட் இரு பக்கத்துத் தகடுகளோடு சேர்த்து நான்கு ஸ்க்ரூக்களிலோ 10 எம்எம் போல்ட்டுகளிலோ நிற்கும். அவற்றைக் கழற்றி முன்னால் இழுத்து, பின்பக்கத்து கப்ளர்களையும் ஆண்டெனா ஒயரையும் கழற்றினால் செட் கையில் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். டேஷ்போர்டில் ஏர்பேக் இருந்தால், கழற்றிய பிறகு வண்டிக் கையேட்டில் குறித்துள்ள நேரம் வரை காத்திருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் 90 விநாடிகள் முதல் 3 நிமிடங்கள் வரை மாறும், அதற்கு மேலும் பொறுத்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

மின்சுற்று

செட் மேசைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதை நான் தொடர்கிறேன். அதுவே பலரும் தடுமாறும் இடம்.

மேல் மூடி சிறிய ஸ்டார் ஸ்க்ரூக்களில் நிற்கும். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறிய ஒரு ஸ்க்ரூ உள்ளே போய்ச் சர்க்யூட் பலகையைத் தொட்டால் அடுத்த பழுது அதிலிருந்து ஆரம்பிக்கும். மூடியைத் தூக்கியதும் தட்டின் மேல்புறமும் கிளாம்ப் கையும் தெரியும். பல செட்டுகளில் இந்த நிலையிலேயே காகிதச் சுருளைப் பார்த்துவிடலாம். மரத்தால் ஆன பல்குச்சியால் சுருளைத் தளர்த்தி, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துவிட்டால் தட்டு விடுபடும்.

கிளாம்ப் கீழே இறங்கிய நிலையில் நின்றிருந்தால் தட்டை இழுக்கவே கூடாது. நடுத்துளையைச் சுழல்மேடையின் மையக் குமிழ் பிடித்திருக்கும். பலவந்தமாக இழுத்தால் குமிழ் உடையும் அல்லது மோட்டார் தண்டு வளையும். அப்போது இயந்திரத்தின் ஓரத்தில் ஏற்றும் மோட்டாரைத் தேடுங்கள். அதன் தண்டில் திருகாணி மரை போன்ற வேர்ம் இருக்கும். அதை விரல்நுனியால் ஒரு திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் கியர்கள் மெல்ல நகர்ந்து கிளாம்ப் எழும்பும். கை சலிக்கும் அளவுக்குச் சுற்ற வேண்டிவரும். கிளாம்ப் இன்னும் இறுகினால் எதிர்த்திசையில் சுற்றுங்கள். வேர்மைச் சுற்றாமல் அதன் அடுத்த கியரைப் பிடித்துத் திருகாதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வேர்ம் அசையாது, பல்தான் உடையும். கிளாம்ப் எழுந்து உருளை வந்து தட்டைத் தொட்ட பிறகும் அதே திசையில் சுற்றினால் தட்டு தானாகவே முன்னால் நகரும். மோட்டாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பலகையோடு இணைந்திருக்கும்போது அப்படிச் செய்வது மோட்டாரை இயக்கும் சில்லான டிரைவர் ஐசியைப் பதம் பார்க்கும் என்பதால், கையால் சுற்றுவதையே பரிந்துரைக்கிறேன்.

மூடி திறந்த நிலையில் செட்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு லென்ஸுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். சிடி படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு வகை. எரிகிறதா என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இயந்திரத்தையும் பலகையையும் இணைக்கும் ரிப்பன் கேபிளை அதன் தாழ்ப்பாளைத் திறக்காமல் உருவுவதும் கூடாது. ஆறு தட்டு சேஞ்சராக இருந்தால் இவை எதையும் செய்ய வேண்டாம் என்றே எழுதியிருப்பேன்; அதன் உள்ளமைப்பு வேறு, பழக்கம் இல்லாதவர் பிரித்தால் ஒழுங்காகச் சேர்ப்பது அரிது.

தெற்குவாசல்

தட்டு வெளியே வந்துவிட்டது. பிலிம் முறையில் வலப்பக்கம் படிந்தது, இடப்பக்கம் நகரவில்லை; எனவே அத்தோடு நிறுத்திவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் செட்டைக் கழற்றினோம். மூடியைத் திறந்ததும் லேபிளின் ஓரம் மடங்கிப் பசையோடு மேல் தகட்டில் ஒட்டியிருந்தது தெரிந்தது. பல்குச்சியால் தளர்த்தியவுடன் தட்டை எடுக்க முடிந்தது. கீறல் ஏதும் இல்லை. ஆனால் லேபிள் கால்வாசி இடத்தில் கொப்புளம் போட்டு எழும்பியிருக்கிறது, ஓரம் கிழிந்து தொங்குகிறது. அதை முழுவதும் உரித்துவிட்டுப் பிரதி எடுக்கலாமா? மேல் தகட்டில் ஒட்டியிருக்கும் பசையை மண்ணெண்ணெயால் துடைக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன், அது சரியா?

ஒலிநாடா

பழைய கச்சேரிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் ஈடுபட்டிருப்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். லேபிளை உரிக்கவே உரிக்காதீர்கள். மின்சுற்று ஐயா எழுதியபடி, அதன் கீழேதான் பதிவு இருக்கிறது. தொங்கும் கிழிசலை மட்டும் சிறிய கத்தரிக்கோலால், தட்டைத் தொடாமல், வெட்டிவிடுங்கள். கொப்புளத்தை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். தட்டை நிழலான இடத்தில் வைத்து, மேலே மெல்லிய துணியும் அதன் மேல் ஒரு கனமான புத்தகமும் வைத்து ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும்.

பிரதி எடுக்கும்போது மடிக்கணினிகளில் வரும் துவார வகை டிரைவைப் பயன்படுத்தாதீர்கள். கார் செட்டில் நடந்ததே அங்கும் நடக்கும். தட்டு வெளியே நீண்டு வரும் ட்ரே வகை டெஸ்க்டாப் டிரைவ் வேண்டும். கார் பிளேயரில் தட்டு நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்றுகள் வரைதான் சுழலும். 52 மடங்கு வேகம் என்று எழுதியிருக்கும் கணினி டிரைவ் அதைச் சுமார் 10,000 சுற்றுகள் வரை கொண்டுபோகும். பாதி எழும்பிய லேபிளோடு அந்த வேகத்தில் சுழன்றால் தட்டு அதிரும், காகிதம் பறந்து லென்ஸில் ஒட்டும். ஆகவே மென்பொருளில் வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குக் குறைத்துவிட்டுப் படியுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தால், சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டு எடுக்கும்; நேரம் பிடித்தாலும் குறுக்கே நிறுத்தாதீர்கள். எம்பி3-ஆகச் சுருக்காமல் முதலில் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகச் சேமித்து, இரண்டு வேறு இடங்களில் வைத்த பிறகு காருக்கென்று தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் ஈரமும் சிடி-ஆரின் சாய அடுக்கைக் கெடுக்கும். மூலத் தட்டை இனி அலமாரியில் நிறுத்திவையுங்கள்.

பழைய ஸ்பேனர்

மண்ணெண்ணெய் வேண்டாம். பெட்ரோல், தின்னர் எதுவுமே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழும், ரப்பர் ஊதிப்போகும். மருந்துக் கடையில் கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் சிறிதளவு நனைத்து மேல் தகட்டின் பசையைத் துடைத்தெடுங்கள், காகிதத் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. உருளையையும் அதே பஞ்சால் லேசாகத் துடைத்து, விரலால் சுற்றிக்கொண்டே எல்லாப் பக்கமும் சுத்தம் செய்யுங்கள். லென்ஸ் தூசியாக இருந்தால் புதிய பஞ்சுக்குச்சியால், எடையே இல்லாததுபோல் தொட்டு எடுக்க வேண்டும். அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. தூரிகை ஒட்டிய லென்ஸ் கிளீனர் தட்டுகள் துவார வகைச் செட்டுகளுக்கு வேண்டாம், பல வண்டிகளின் கையேடே தடுக்கிறது.

மூடியைப் போட்ட பிறகு பேனலைச் சேர்க்காமல் செட்டை ஒயரில் மட்டும் இணைத்து, வேண்டாத ஒரு சிடியைப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒழுங்காகப் போய் வந்தால் ரகசிய எண்ணைக் கொடுத்து, பேனலைப் பொருத்திக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றியிருந்ததால் கடிகாரத்தையும், ஓட்டுநர் பக்கத்து ஆட்டோ கண்ணாடி இருந்தால் அதையும் கையேட்டில் உள்ளபடி மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். உருளையே தேய்ந்து பிடிக்கவில்லை என்று தெரிந்தால் புதுச் செட் வாங்க வேண்டியதில்லை. சென்னை வரும்போது புதுப்பேட்டையில் இதே மாடல் பழைய செட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் இயந்திரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காருக்கு எடுக்கும் புதிய பிரதியின் மேல் லேபிள் ஒட்டாமல், சிடிக்கென்றே விற்கும் மை பேனாவால் நடுவளையத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் நுனி வார்னிஷைக் கீறிவிடும்.